முதல் வயரைப் பிடுங்கினேன்

1

எனக்கு வயது அறுபத்தேழு. பாஸ்போர்ட்டில் அறுபத்து நான்கு என்று இருக்கிறது, ரேஷன் கார்டில் எழுபது. நான் சொல்வதுதான் சரி. வளர்த்தது நாலு பிள்ளைகள். ஒருத்தரையும் பட்டினி போட்டதில்லை, ஒருத்தரையும் பட்டாசு ஆபீஸ் வேனில் ஏற்றிவிட்டதும் இல்லை. கடைசி மகள் செல்வியோடு ஐந்து வருஷமாகச் சிங்கப்பூரில் இருக்கிறேன். மருமகனுக்குக் கப்பலில் வேலை. வருஷத்துக்கு ரெண்டு மாதம்தான் வீட்டில் இருப்பார். செல்வி வேலைக்குப் போய்விட்டால் பேத்தி கீர்த்தனாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கும் என் தம்பி மகன், கோயில் பொங்கலுக்கு மலர் போடுகிறானாம். "அத்தை, வெளிநாட்டுல இருக்கீக, நீங்களும் நாலு பக்கம் எழுதித் தாங்க" என்று போனில் கேட்டான். இவன் எதற்கு நம்மைக் கேட்கிறான் என்று ரெண்டு நாள் யோசித்தேன். விளம்பரத்துக்கு ஆள் பிடித்துத் தரச் சொல்வானோ என்று இன்னும் ஒரு சந்தேகம் இருக்கிறது. இருக்கட்டும்.

எனக்குப் பஸ் போர்டு வாசிக்க வரும், கையெழுத்துப் போட வரும். அதற்கு மேல் வராது. அதனால் நான் சொல்லச் சொல்ல கீர்த்தனா கம்ப்யூட்டரில் அடிக்கிறாள். பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் தமிழ் ஒரு பாடம். வீட்டில், "அம்மாச்சி, நான் பசியா இருக்கேன்" என்பாள். பசிக்கிறது என்று சொல்ல வேண்டும் என்றால், ரெண்டும் ஒன்றுதானே என்பாள். இவள் நான் சொன்னதைத்தான் அடிக்கிறாளா, தனக்குத் தோன்றியதை அடிக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. அதைக் கடைசியில் பார்த்துக்கொள்கிறேன்.

2

ஊரில் என்னைச் செக்கிங் அம்மா என்றால் எல்லாருக்கும் தெரியும். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆபீசில், வெளியூரில் ஃபாக்டரி என்பார்கள், பதினெட்டு வருஷம் கேட்டில் நின்றேன். காலையில் வேனில் வந்து இறங்கும் பெண்களை ஒவ்வொருத்தியாகத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவேன். இரும்புக் கொண்டை ஊசி, சாவிக்கொத்து, நைலான் சேலை, செருப்பு எதுவும் உள்ளே போகக் கூடாது. புருஷனின் பீடிக்கட்டைத் தெரியாமல் இடுப்பில் சொருகிக்கொண்டு வந்தவளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். "எம்புட்டுச் சந்தேகம் மதினி உனக்கு, உன் வீட்டுக்காரரையும் இப்படித்தான் தடவிப் பாத்து உள்ள விடுவியா?" என்று சிரிப்பார்கள். "அவரு பீடி குடிக்க மாட்டாரு, நேரா விட்ருவேன்" என்பேன்.

கேட் முடிந்ததும் இன்னொரு வேலை உண்டு. வெடிமருந்து அடைக்கும் ரூம்கள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருக்கும். ரூமுக்கு நாலு பேர்தான். எதிரெதிரே ரெண்டு கதவு. ஒரு பக்கம் தீப்பிடித்தால் மறுபக்கம் ஓட வேண்டும். பெண்கள் முன்கதவு வழியாகத்தான் போவார்கள், வருவார்கள். பின்கதவை யாரும் தொடுவதில்லை. அதனால் வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு ரூமாகப் போய், அந்தப் பின்கதவு வெளியே திறக்கிறதா என்று தள்ளிப் பார்க்க வேண்டும். அது என் பொறுப்பு.

இங்கே செல்வி வீட்டில் சமையலறைக்கு அடுத்து ஒரு சின்ன அறை இருக்கிறது. சுவர் ஒரு முழம் கனம். கதவு முழு இரும்பு. ஷெல்டர் என்கிறார்கள். சண்டை வந்து குண்டு விழுந்தால் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ள வேண்டுமாம். எல்லா வீட்டிலும் அதில் அரிசி மூட்டையும் பழைய பெட்டியும் கிடக்கின்றன. நான் வந்த அன்று உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, இதுக்கு ஒரு கதவுதான இருக்கு?" என்று கேட்டேன். செல்வி சிரித்தாள்.

3

செல்வியின் வேலை சர்வர் வேலை. எனக்கு முதலில் புரியவில்லை. அவள் சொன்னது இது. கம்பெனிகளின் கணக்கு வழக்கு, கடிதம், ஆள் விவரம் எல்லாம் ஒரு பெரிய இயந்திரத்தில் இருக்கும். முன்பெல்லாம் ஒரு கம்பெனிக்கு ஒரு இயந்திரம். இப்போது ஒரே இயந்திரத்துக்குள் ஏழெட்டு இயந்திரங்கள் இருப்பதுபோல் பிரித்துவிடுகிறார்கள். ஒன்றில் நடப்பது அடுத்ததற்குத் தெரியாது.

"அப்ப உள்ள தடுப்புச் சுவரு இருக்கா?"

"சுவரெல்லாம் இல்லம்மா. இருக்க மாதிரி."

"இல்லாத சுவர நம்பி ஏழு ரூமு வச்சிருக்கீகளா?"

"யாத்தே, ரூமுன்னே வச்சிக்கோ."

ஷெல்டருக்குள் அரிசி மூட்டைக்குப் பதிலாக அவள் ஒரு சர்வரைத்தான் வைத்திருந்தாள். ஆபீசில் எப்படி இருக்கிறதோ அப்படியே வீட்டிலும் சின்ன அளவில் செய்து பார்ப்பாள். அதிலிருந்து ரெண்டு வயர் கிளம்பும். மேலே முதல் வயர் நீலம், கீழே ரெண்டாவது மஞ்சள். நீலம் ஒரு சின்னப் பெட்டிக்குப் போகும், மஞ்சள் இன்னொரு பெட்டிக்கு. ரெண்டையும் சேர்த்து ஒரே பாதையாகக் கட்டியிருக்கிறதாம். ஒன்று அறுந்தால் அதில் போனதெல்லாம் தானாக மற்றதில் போகும், வெளியே யாருக்கும் தெரியாதாம். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பட்டியல் உண்டு. எந்த ரூமுக்கு வருவதை உள்ளே விடலாம் என்று அதில் எழுதியிருக்கும். பட்டியலில் இல்லாததைப் பெட்டி விடாது. இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நான் பார்த்த அதே வேலை. என்னைவிடச் சம்பளம்தான் அதிகம்.

பக்கத்தில் ஒரு பழைய கண்ணாடித் திரை. அதில் ஏழு கோடுகள். ரூம் உயிரோடு இருந்தால் கோடு பச்சை, நின்றுபோனால் சிவப்பு. அதுமட்டும் எனக்கு வாசிக்கத் தெரியும்.

"ரெண்டாவது வயரு வேலை செய்யுதுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"அதான் லைட்டு எரியுதுல்ல."

"லைட்டு எரியட்டும். மொத வயரப் பிடுங்கிப் பாத்தியா?"

"எல்லாம் செட் பண்ணும்போதே பாத்தாச்சும்மா. போய்ச் சீரியல் பாரு."

4

இந்த ஊரில் எல்லாமே பட்டியல்தான். நான் ஒட்டியிருப்பது ஒரு பாஸில், இங்கே தங்கலாம் என்கிற அட்டையில். அது முடியும் முன்னால் ஆபீசுக்குப் போய்க் கட்டைவிரலை வைக்க வேண்டும். போன தடவை கீழே இருந்த கவுண்டரில் எல்லாம் சரி, மேலே போங்கள் என்றார்கள். மேலே இருந்த பெண் அவள் பட்டியலைப் பார்த்துவிட்டு, என் பெயரே இல்லை என்றாள். கீழே இருக்கிறதே என்றால், அது அவர்கள் பட்டியல், இது என் பட்டியல் என்கிறாள். மத்தியானம்வரை ரெண்டு மாடிக்கும் நடந்தோம். அந்தப் பெண்மேல் எனக்குக் கோபமில்லை. நானும் கேட்டில் நின்றவள்தான். பெயர் இல்லாவிட்டால் விடக் கூடாது.

என் பாஸ் செல்வியின் பாஸில் தொங்குகிறது. கீர்த்தனாவின் பாஸும் அப்படித்தான். செல்வியின் பாஸ் அவள் வேலையில் தொங்குகிறது. வேலை போனால் ஒரு மாதத்துக்குள் மூன்று பேரும் மூட்டை கட்ட வேண்டும். இந்த வருஷம் அந்தப் பயம் நிஜமாகவே வந்தது. செல்வி பார்க்கும் ஒரு புதுக் கம்பெனியின் வேலை ஒருமுறை நடுப்பகலில் நின்றுபோனது. முதலாளி அவளைக் கூப்பிட்டு, வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆபீசில் இருக்கும் பழைய பெட்டியை மாற்ற வேண்டும், அதில் ஒரு நிமிஷம்கூட எதுவும் நிற்கக் கூடாது, நின்றால் பாஸ் நீட்டிக்க எழுதித் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். முதல் வயர் போகிற பெட்டியைக் கழற்றிப் புதுசு வைக்க வேண்டும். அந்த நேரம் எல்லாம் ரெண்டாவது வயரில் ஓட வேண்டும்.

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. தினமும் ஷெல்டருக்குள் போய் நின்று மஞ்சள் வயரின் விளக்கைப் பார்ப்பேன். மினுக்கிக்கொண்டுதான் இருந்தது. மினுக்குகிறதே என்று நம்பிவிட முடியுமா?

5

வியாழக்கிழமை மத்தியானம். குக்கரை அடுப்பில் வைத்திருந்தேன். கீர்த்தனா பள்ளியிலிருந்து வந்து ஹாலில் காதில் வயரை மாட்டிக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நான் ஷெல்டருக்குள் போய் நீல வயரைப் பிடுங்கினேன்.

பின்கதவைத் தள்ளிப் பார்க்கிற கை அது. யோசித்துச் செய்ததல்ல.

ஏழு கோடும் ஒருதரம் ஆடின. ஆறு உடனே பச்சைக்குத் திரும்பிவிட்டன. ஏழாவது சிவப்பாகவே நின்றது. தானாக மாறும் என்று காத்திருந்தேன். குக்கர் ஒரு விசில் அடித்தது, ரெண்டு, மூன்று. ஏழாவது மாறவில்லை. வயரை இருந்த இடத்தில் சொருகினேன். கொஞ்சத்தில் அதுவும் பச்சையானது. கதவைச் சாத்திவிட்டு வந்து குக்கரை இறக்கினேன்.

சாயங்காலம் செல்வி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஏழாவது ரூம் பதினொரு நிமிஷம் நின்றிருந்ததாக அந்த இயந்திரமே ஆபீசில் இருந்த அவளுக்குத் தகவல் அனுப்பிவிட்டதாம். கோள் சொல்லுகிற இயந்திரம்.

"கீர்த்தனா, ஷெல்டருக்குள்ள போயி எத நிப்பாட்டுன?"

"நான் போகலம்மா. பிராமிஸ்."

"போன மாசம் கேம் விளையாடணும்னு எத அமுக்குனியோ, அதே மாதிரிதான? ஞாயித்துக்கிழமை எனக்கு என்ன வேலைன்னு தெரியும்ல?"

"நான் தொடவே இல்லம்மா!"

"பின்ன யாரு, அம்மாச்சியா?"

சொல்லிவிட்டுச் செல்வியே சிரித்துவிட்டாள். என்னைப் பார்த்தாள். நானும் சிரித்தேன். கீர்த்தனா மட்டும் சிரிக்கவில்லை. சனிக்கிழமை அவள் வகுப்புப் பிள்ளைகளோடு பக்கத்தில் இருக்கிற தீவுக்குச் சுற்றுலா போக இருந்தாள். அது கிடையாது என்று செல்வி சொல்லிவிட்டாள்.

6

இந்த இடத்தில் ஊர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் தம்பி மகனுக்குச் சரி என்றேனோ என்னவோ.

பொன்னுத்தாய் மதினியை உங்களில் பாதிப்பேருக்குத் தெரியும். என் சேக்காளி. பதினாறாம் ரூமில் அவள்தான் மூத்தவள். தீபாவளிக்கு முந்தின சீசன். லோடு ஏற்ற லாரி வந்து காலையிலேயே நிற்கிறது. கேட்டில் நான் இன்னும் பாதிப்பேரைத்தான் பார்த்திருந்தேன். போர்மேன் வந்து, "யக்கா, சீக்கிரம் விடுங்க, கதவுச் சோதனையெல்லாம் நாளைக்குப் பாத்துக்கிடலாம்" என்றார். நான் அன்றைக்குப் பின்கதவுகளைத் தள்ளிப் பார்க்கப் போகவில்லை. பத்தரை மணிக்குப் பதினாறில் தீப்பிடித்தது. பின்கதவு திறக்கவில்லை. முந்தின நாள் சாயங்காலமே லோடு ஆட்கள் வெளியே அட்டைப்பெட்டிகளைக் கதவோடு அணைத்து அடுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். மற்ற மூன்று பேரையும் முன்கதவு வழியே தள்ளிவிட்டுக் கடைசியாக வந்தவள் பொன்னுத்தாய். உயிர் தப்பினாள். ரெண்டு கையும் முழங்கைவரை வெந்துபோயின.

விசாரணைக்கு வந்த அதிகாரி என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "காலையில கதவத் தள்ளிப் பாத்தியாம்மா?"

"பாத்தேன் சார். திறந்துச்சு."

காலையில் திறந்தது என்றால், பெட்டி அதற்குப் பிறகு அடுக்கியதாகத்தான் இருக்க வேண்டும். லோடு ஏற்ற வசதியாக இருக்கட்டும் என்று ரூமில் மூத்தவள்தான் அடுக்கச் சொல்லியிருப்பாள் என்று எழுதினார்கள். கையில் கட்டோடு இருந்தவளை வேலையை விட்டு எடுத்தார்கள். நான் அதன் பிறகும் ஒன்பது வருஷம் அதே கேட்டில் நின்றேன். ஒரு நாள்கூடப் பின்கதவைத் தள்ளிப் பார்க்காமல் விடவில்லை. அதைப் பெருமையாகக்கூடச் சொல்லிக்கொண்டேன்.

பல வருஷம் கழித்து இருக்கன்குடி கோயிலில் அவளைப் பார்த்தேன். விபூதி வாங்க நீட்டிய கையில் விரல்கள் ஒட்டியிருந்தன. சண்டை போடவில்லை. பிள்ளைகளை எல்லாம் விசாரித்துவிட்டு, போகும்போது மெதுவாகக் கேட்டாள். "நீ அன்னைக்கித் தள்ளிப் பாத்தேல்ல, மதினி?"

"பாத்தேன்" என்றேன்.

7

வெள்ளிக்கிழமை காலை. கீர்த்தனா பள்ளிக்குக் கிளம்பி, பையை மாட்டிக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"அம்மாச்சி, நான் ஹால்லதான் இருந்தேன். நீங்க பாத்தீங்கள்ல?"

அடுப்பை அணைத்தேன். ரெண்டு தரம் என்னிடம் கேட்டார்கள், ரெண்டு தரமும் பொய் சொன்னேன். இது மூன்றாவது.

"ஏட்டி செல்வி, இங்கன வா" என்று கூப்பிட்டேன். அவள் ஒரு காலில் ஷூவைப் போட்டுக்கொண்டு, மறு ஷூவைக் கையில் பிடித்தபடி வந்தாள். "புள்ள தொடல. நாந்தான் பிடுங்குனேன்."

செல்வி கத்துவாள் என்று நினைத்தேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"என்னத்தப் பிடுங்குன?"

"மேல இருக்க நீல வயரு."

"வேற எதையும் தொட்டியா? அமுக்குனியா? பொய் சொல்லாத."

"ஆத்தா சத்தியமா அது ஒண்ணுதான். ஆறு கோடு பச்சையாயிருச்சு. ஏழாவது செவப்பாவே நின்னுச்சு. மூணு விசில் வரைக்கும் பாத்தேன். வயரச் சொருகின பொறவு அதுவும் பச்சையாச்சு."

ஷூவைக் கீழே போட்டுவிட்டு ஷெல்டருக்குள் ஓடினாள். நானும் பேத்தியும் வாசலில் நின்றோம். அவளே நீல வயரைப் பிடுங்கினாள். ஆறு பச்சை, ஒரு சிவப்பு. மறுபடி சொருகினாள், பிடுங்கினாள். அதே. பிறகு மஞ்சள் வயர் போகிற பெட்டியின் பட்டியலைத் திறந்து, விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு வந்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஏழாவது ரூம் போன மாதம் புதிதாகச் செய்தது. அந்தப் புதுக் கம்பெனிக்கு ஆபீசில் செய்ததன் நகல். முதல் பெட்டியின் பட்டியலில் அதன் பெயரை எழுதியிருந்தாள். ரெண்டாவது பெட்டியின் பட்டியலில் எழுதவில்லை. விளக்கு எரியும், வயர் நன்றாக இருக்கும், மற்ற ஆறும் ஓடும். ஏழாவதை மட்டும் வாசலில் நிறுத்திவிடும். கீழ் மாடிப் பட்டியலில் இருந்து, மேல் மாடிப் பட்டியலில் இல்லாத என்னைப்போல.

"ஆபீஸ்லயும் இதே பட்டியல்தாம்மா" என்றாள். "ஞாயித்துக்கிழமை மொதப் பெட்டியக் கழட்டியிருந்தா அந்தக் கம்பெனி வேலை நின்னுருக்கும்."

எங்கள் மூன்று பேர் பாஸும் அதோடு போயிருக்கும்.

"ஒங்கூட வேலை பாக்கவன் எவனும் வேணும்னே எடுத்துவிட்ருப்பானோ?" என்று கேட்டேன்.

"நாந்தாம்மா மறந்தேன்."

போனை எடுத்து முதலாளிக்கு அடித்தாள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் அவள் முகம் தெரியும். பேசி முடித்ததும் கீர்த்தனா எனக்குச் சொன்னாள், அம்மா தன் மறதியை அப்படியே சொல்லிவிட்டாள் என்று. நான் செல்வியின் பக்கம் திரும்பினேன்.

"ஏ கிறுக்கி! எழுதிச் சேத்துட்டுப் பேசாம இருக்க வேண்டியதுதான? யாருக்குத் தெரியப்போவுது? பாஸு போயிருச்சுன்னா?"

"ரெண்டாவது பெட்டி சரியா இருக்குன்னு நான் எழுதிக் குடுத்துருக்கேம்மா. அத நம்பி என்னைக்காவது ஒருத்தன் மொத வயரப் பிடுங்குவான்ல?"

மறு ஷூவைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். போகும்போது கீர்த்தனாவின் தலையைத் தடவி, தீவுக்குப் போய்க்கோ என்றாள். லிப்ட் வந்துவிட்டது.

8

ஞாயிற்றுக்கிழமை காலை போனவள் மத்தியானம் வந்தாள். எதுவும் நிற்கவில்லையாம். பெட்டியைக் கழற்றும் முன்னால், முதலாளி பக்கத்தில் நிற்க, முதல் வயரைப் பிடுங்கிக் காட்டினாளாம். ரெண்டு தட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டுப் படுத்துத் தூங்கினாள். பாஸை நீட்டிக்க எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொல்கிறாள். அட்டை கைக்கு வரட்டும், அப்புறம் நம்புகிறேன்.

செல்வி இப்போது ஷெல்டர் சாவியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு போகிறாள். என் மகள்தானே. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

நான் அன்றைக்குச் சொன்னதையும் இன்றுவரை ஊர் நம்பிக்கொண்டிருக்கிறது. பொன்னுத்தாய் மதினிக்கு வாசிக்கத் தெரியாது. மலர் வீட்டுக்கு வந்தால் அவள் மருமகள் வாசித்துக் காட்டுவாள். அவளுக்குத்தான் இது. மதினி, நான் அன்றைக்குப் பதினாறாம் ரூம் பின்கதவைத் தள்ளிப் பார்க்கவில்லை. கேட்டைவிட்டு நகரவே இல்லை. பார்த்தேன் என்று அதிகாரியிடம் சொன்னது பொய். கோயிலில் உன்னிடம் சொன்னதும் பொய். நீ பெட்டி அடுக்கச் சொல்லவில்லை. வருஷம் முடியும்போது நான் ஊருக்கு வருவேன். உன் வீட்டு வாசலில் வந்து நிற்பேன். உள்ளே விடுவதும் விடாததும் உன் இஷ்டம்.

அம்புட்டுதான். அடிச்சிட்டியா, கீர்த்தனா? எங்க, கடைசியில இருந்து வாசி. "பொன்னுத்தாய் மதினிக்கு வாசிக்கத் தெரியாது"ங்கிற எடத்துல இருந்து. என்னடி முழிக்க? பொய்ங்கிற வார்த்தைய அம்மாச்சிக்காக மாத்திக் கீத்திப் போட்ருக்கியா? போடலன்னா வாசி. சத்தமா. எனக்கு லைட்டு எரியிறதெல்லாம் பத்தாது, தள்ளிப் பாக்கணும்.